மும்பை செம்பூர் ஃபிளாட்: 100 எம்பிபிஎஸ் பிளான், கையில் வருவது 20

வைஃபை வேகம் ரூட்டர் பக்கத்திலேயே 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), உள்ரூமில் 3, ராத்திரி ஒன்பதுக்கு மேல் அடிக்கடி அறுந்துபோகிறது என்கிறீர்கள். நீங்கள் போட்ட செட்டிங்ஸ் படத்தைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது: பாதுகாப்பு, அதாவது வைஃபையில் போகும் தகவலைப் பூட்டும் முறை, 'டிகேஐபி' என்று இருக்கிறது. அது பழசு. அதை வைத்திருந்தால் இணைப்பு 54 எம்பிபிஎஸைத் தாண்டாது. அந்த 54-இலும் கைக்கு வருவது பாதிக்கும் குறைவுதான். உங்கள் 20 அங்கேதான் மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்' என்ற புது முறைக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனிலோ பின்னிலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்கப் பின்னைச் சுமார் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, அறுந்துபோவது வேறு கதை. செம்பூரில் கட்டடங்கள் நெருக்கம், ராத்திரி எல்லா வீட்டிலும் வைஃபை ஓடும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். சேனல் செட்டிங்கில் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைப் போடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்த ரூட்டரை வெளியே எடுங்கள், ஹாலின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ரூமுக்கு ரூட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸை நம்பாதீர்கள், கான்கிரீட் சுவரில் திணறும்.

அப்படியும் அறுந்தால், அதே ஒன்பது மணிக்கு லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு மாட்டிப் பாருங்கள். கேபிளிலும் அறுந்தால் கோளாறு வைஃபையில் இல்லை, லைனிலோ ரூட்டரிலோ. ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் அதைப் போட்டோ எடுத்துவைத்து இன்டர்நெட் கம்பெனியில் புகார் கொடுங்கள். போட்டோ இல்லையென்றால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.