பட்டம் வேறு, பட்டா வேறு: சாக்சனி டியூக்குகளை இனம்காண ஒரு வழி

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் படிக்கிறாள். வரும் கோடையில் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து ரயிலில் டிரெஸ்டன் வரை போய்வர எண்ணம். கொஞ்சம் படித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் குழப்பமே மிஞ்சுகிறது. பிரவுன்ஷ்வைக்கில் ‘சிங்கம்’ என்று பெயரெடுத்த ஹைன்ரிஷ், சாக்சனியின் டியூக் என்கிறார்கள். ஆனால் டிரெஸ்டனில் சாக்சனி ஆட்சியாளர்களை வரிசையாக வரைந்திருக்கும் பெரிய சுவரில் அவர் இல்லவே இல்லை. சாக்சனி ஒன்றா, இரண்டா? இத்தனை குடும்பங்களை எப்படிப் பிரித்தறிவது? இங்கிலாந்துக்குப் போய் ஆண்டவர்கள் இவர்களில் யார்?

பதில்: நீங்கள் சரியான இடத்தில்தான் தடுக்கி நின்றிருக்கிறீர்கள். பிரவுன்ஷ்வைக்கின் சாக்சனி வேறு நிலம், டிரெஸ்டனின் சாக்சனி வேறு நிலம். நிலம் நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது. வடமேற்கே கடலோரச் சமவெளியில் பிறந்த பெயர், எல்பே ஆற்றை ஒட்டி மேலே மேலே ஏறி, கடைசியில் செக் எல்லைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் ‘சாக்சனி டியூக்’ என்று எங்கே பார்த்தாலும் ஆள் பெயரைப் படிக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 1180, 1423 என்ற இரண்டு ஆண்டுகள் மனதில் இருந்தால் போதும்.

பெயர் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நம்மிடம் இதற்கு வசதியான இரண்டு சொற்கள் இருக்கின்றன: பட்டம், பட்டா. டியூக் என்பதற்கு அங்கே பலகைகளில் ‘ஹெர்ட்சோக்’ என்று எழுதியிருக்கும். படைக்கு முன்னால் நடப்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். அது ஒரு பதவி. அரசர் கையால் பெறவேண்டிய பட்டம், அரசரே பறிக்கவும் கூடியது. ஆனால் அந்த டியூக்கின் குடும்பம் வழிவழியாக வைத்திருக்கும் கோட்டை, வயல், ஊர் எல்லாம் அவர்கள் சொந்தச் சொத்து, அதாவது பட்டா நிலம். பட்டம் ஒரு குடும்பத்தை விட்டுப் போனாலும் பட்டா அவர்களிடமே தங்கும். பட்டத்தை வாங்கிய புதுக் குடும்பம் தன் சொந்த நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே அந்தப் பெயரைக் கொண்டுபோகும். சாக்சனியின் கதை முழுக்க இதுதான்.

பழைய சாக்சனி மிகப் பெரியது. ரைன் ஆற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே தொடங்கி எல்பே வரை, வட கடலிலிருந்து ஹார்ட்ஸ் மலை வரை. இங்கிலாந்துக்குக் கடல் கடந்து போன சாக்சன்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். சார்லமேன் 772 முதல் 804 வரை விட்டுவிட்டுப் போரிட்டு இதைத் தம் பேரரசுக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு தலையெடுத்த முதல் பெரிய குடும்பம் லியூடால்ஃப் வழியினர். 866இல் இறந்த லியூடால்ஃபின் பேரன் ஹைன்ரிஷ், 912இல் டியூக் ஆனார், 919இல் ஜெர்மன் அரசரே ஆகிவிட்டார். பறவை பிடிப்பவர் என்று இவருக்குச் சிறப்புப் பெயர். மகன் ஓட்டோ 962இல் பேரரசர், அதாவது புனித ரோமப் பேரரசர். க்வெட்லின்பர்க் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் ஹைன்ரிஷும் அவர் மனைவி மத்தில்டேயும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஒருநாள் ஒதுக்க முடிந்தால் அந்த ஊருக்குக் கட்டாயம் போங்கள்.

டியூக்கே அரசராகிவிட்டால் ஊரை யார் பார்ப்பது? ஓட்டோ, ஹெர்மன் பில்லுங் என்பவரைத் தம் இடத்தில் நிறுத்தினார். முதலில் எல்லைக் காவல், பிறகு அரசர் இத்தாலிக்குப் போகும்போதெல்லாம் பதிலாள், பிறகு கிட்டத்தட்ட டியூக். படிப்படியாக வந்த பதவி என்பதால் ஹெர்மனின் தொடக்க ஆண்டைப் பட்டியலுக்குப் பட்டியல் வேறாகக் காண்பீர்கள். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பில்லுங்குகளின் கோட்டை லூனபர்க்கில் இருந்தது. உப்புக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த மடத்துக்கு உப்பின் சுங்கவரியை ஓட்டோ எழுதிக் கொடுத்தது 956இல்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான். கடைசி பில்லுங்கான மாக்னுஸ் 1106இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வுல்ஃப்ஹில்டை, தெற்கே பவேரியாவை ஆண்ட வெல்ஃப் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார். இளையவள் ஐலிக்காவை, ஹார்ட்ஸ் மலைக்குக் கிழக்கே பாலன்ஷ்டெட்டில் வேரூன்றிய அஸ்கானியர் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார். மாமனார் சொத்தை மருமகன்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனால் பட்டத்தை அரசர் ஐந்தாம் ஹைன்ரிஷ் இரண்டு மருமகன்களுக்கும் கொடுக்காமல், லோத்தார் என்ற மூன்றாம் ஆளுக்குக் கொடுத்தார். பட்டமும் பட்டாவும் தனித்தனிப் பாதையில் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

அந்த லோத்தார் சாமானியர் அல்ல. 1125இல் அரசர், 1133இல் பேரரசர். அவருக்கும் மகன் இல்லை. ஒரே மகள் கெர்ட்ரூட், வுல்ஃப்ஹில்டின் மகன் ஹைன்ரிஷுக்கு வாழ்க்கைப்பட்டாள். இந்த மருமகனைப் பெருமிதக்காரர் ஹைன்ரிஷ் என்பார்கள். பவேரியா ஏற்கெனவே அவர் கையில் இருந்தது, 1137இல் சாக்சனியும் சேர்ந்தது. ஒருவர் கையில் இவ்வளவா என்று மற்றப் பிரபுக்கள் மிரண்டார்கள். மாமனார் இறந்ததும் அரச பதவிக்கு அவரை விட்டுவிட்டு, ஷ்டாஃபன் குடும்பத்து கொன்ராடைத் தேர்ந்தெடுத்தார்கள். புது அரசர் 1138இல் சாக்சனியைப் பிடுங்கி ஐலிக்காவின் மகனான ‘கரடி’ ஆல்பிரெக்டுக்குக் கொடுத்தார். அதாவது பெரியம்மா மகனிடமிருந்து சித்தி மகனுக்கு. நான்கே ஆண்டுகளில் ஆல்பிரெக்ட் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1142இல் பட்டம் திரும்ப வெல்ஃப் பக்கம், இன்னும் சிறுவனாக இருந்த சிங்கம் ஹைன்ரிஷிடம் வந்தது.

உங்கள் மகள் தினமும் கடந்துபோகும் ஊர் இந்த ஹைன்ரிஷ் வளர்த்தது. 1156இல் பவேரியாவும் இவரிடம் திரும்பியது. 1158இல் மியூனிக் சந்தை ஊரானதும், 1159இல் லூபெக் மறுபடி எழுந்ததும் இவரால்தான். 1168இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள் மத்தில்டாவை மணந்தார். பிரவுன்ஷ்வைக் கோட்டைச் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிங்கம் 1166 வாக்கில் இவர் வார்க்கச் சொன்னது. வெளியே நிற்பது நகல், அசல் அருகே டாங்க்வார்டரோட கோட்டைக்குள் இருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள். எதிரே உள்ள பேராலயத்தில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் கல்லில் படுத்திருக்கிறார்கள். இவர் எழுதுவித்த நற்செய்தி நூல் அருகிலுள்ள வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அசலை எப்போதாவதுதான் காட்சிக்கு வைப்பார்கள். அதில் ஒரு படத்தில் வானிலிருந்து நீளும் கைகள் இருவருக்கும் முடி சூட்டுகின்றன. ஹைன்ரிஷின் பின்னால் யார் நிற்கிறார்கள் தெரியுமா? அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற பேரரசர் லோத்தார், பாட்டி ரிஷென்சா. தம் உரிமை எந்த வழியாக வந்தது என்று அவரே வரைந்து காட்டிவிட்டார். எந்த வம்சாவளி அட்டவணையையும்விட அந்த ஒரு ஏட்டை நான் அதிகம் நம்புவேன்.

வீழ்ச்சியும் அதே வேகத்தில் வந்தது. 1176இல் இத்தாலியப் போருக்குப் பேரரசர் பிரீட்ரிஷ் பார்பரோசா படை உதவி கேட்டார், ஹைன்ரிஷ் மறுத்தார். பக்கத்துப் பிரபுக்களும் பேராயர்களும் அவர்மேல் வழக்குகளைக் குவித்திருந்தார்கள். அழைத்தபோது மன்றத்துக்கு அவர் வரவில்லை. 1180 ஏப்ரலில் கெல்ன்ஹாசன் நகரில் எழுதிய ஆவணம் பழைய சாக்சனியை உடைத்தது. மேற்குப் பகுதி வெஸ்ட்ஃபாலியா என்ற பெயரில் கொலோன் பேராயருக்குப் போனது. சாக்சனி டியூக் என்ற பட்டம் கரடி ஆல்பிரெக்டின் கடைசி மகன் பெர்ன்ஹார்டுக்குப் போனது. இழந்த ஹைன்ரிஷ், பெற்ற பெர்ன்ஹார்ட் இருவருமே மாக்னுஸ் பில்லுங்கின் கொள்ளுப்பேரன்கள். இரண்டு மகள்களின் வழிகள் மீண்டும் மோதி, இந்தமுறை இளையவள் வழி வென்றது.

பிரவுன்ஷ்வைக், லூனபர்க் பகுதிகளின் பட்டா மட்டும் வெல்ஃப்களிடம் தங்கியது. ஆகவே பழைய சாக்சனியின் நடுநிலத்தில் இருந்தவர்கள் சாக்சனிப் பெயரை இழந்தார்கள். 1235இல் பேரரசர் இரண்டாம் பிரீட்ரிஷ், ஹைன்ரிஷின் பேரன் ஓட்டோவுக்கு அந்த நிலத்தையே புதிய டியூக் நாடாக்கிக் கொடுத்தார். அதன் பெயர் சாக்சனி அல்ல, பிரவுன்ஷ்வைக்-லூனபர்க். மகள் ஊரில் 1235க்குப் பிறகு ‘ஹெர்ட்சோக்’ என்று பார்த்தால் அது இந்தப் புதுப் பட்டம்.

பெர்ன்ஹார்டுக்குப் பெயர் கிடைத்ததே தவிர, பெரிய நிலம் கிடைக்கவில்லை. அவர் குடும்பத்தின் பலம் எல்பேயின் நடுப்பகுதியில் இருந்தது. அதனால் சாக்சனி என்ற பெயர் விட்டன்பெர்க் பக்கம் நகர்ந்தது. 1296 வாக்கில் அஸ்கானியரும் லாவன்பர்க், விட்டன்பெர்க் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். யாருக்குப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு என்ற சண்டை 1356இல் பொன்முத்திரை ஆணையால் தீர்ந்தது. வாக்கு விட்டன்பெர்க்குக்கு. அந்தக் கிளை 1422இல் வாரிசில்லாமல் முடிந்தது. அரசர் சிகிஸ்முண்ட், 1423இல் மைசனை ஆண்ட வெட்டின் குடும்பத்து பிரீட்ரிஷுக்குப் பட்டத்தைக் கொடுத்தார். வெட்டின்களின் நிலம் இன்னும் மேலே, மைசன், டிரெஸ்டன், லைப்சிக் பக்கம். பட்டம் அங்கே ஏறிப்போனது, இறங்கவில்லை.

இனி டிரெஸ்டன் சுவருக்கு வருவோம். 102 மீட்டர் நீளம், சுமார் 23,000 மைசன் பீங்கான் ஓடுகள். அது சாக்சனி டியூக்குகளின் வரிசை அல்ல, வெட்டின் குடும்பத்தின் ஊர்வலம். அதனால்தான் 12ஆம் நூற்றாண்டில் மைசனை ஆண்ட கொன்ராடிலிருந்து தொடங்குகிறது. கொன்ராடுக்கோ அவருக்குப் பின் வந்த பலருக்கோ சாக்சனிப் பட்டம் இருந்ததில்லை. அதே காலத்தில் உண்மையில் சாக்சனி டியூக்காக இருந்த ஹைன்ரிஷ் வேறு குடும்பம், ஆகவே சுவரில் இடமில்லை. லியூடால்ஃப் வழியினர், பில்லுங்குகள், அஸ்கானியர் யாருக்குமே இல்லை. குடும்ப ஆல்பத்தில் வேற்று வீட்டாரைத் தேடினால் கிடைக்குமா?

அருங்காட்சியகங்களில் ஆளை இனம்காண எனக்கு மிகவும் உதவுவது சின்னங்கள். கறுப்பும் பொன்னிறமுமான கிடைப்பட்டைகள், அவற்றின்மேல் சாய்வாகப் பச்சை இலைப்பட்டை. இது அஸ்கானியருடையது. பட்டத்தோடு சேர்ந்து இதுவும் வெட்டின்களிடம் போனது, இன்றைய சாக்சனி மாநிலச் சின்னமும் இதுவே. சிவப்பில் பாயும் வெள்ளைக் குதிரை, வெல்ஃப் வீட்டார் பிற்காலத்தில் கைக்கொண்டது. இன்று அது பிரவுன்ஷ்வைக் அடங்கிய கீழ் சாக்சனி மாநிலத்தின் சின்னம். ரயிலில் போகும்போது குதிரையில் ஏறிப் பட்டைகளில் இறங்குவீர்கள்.

பெயருக்குப் பின் வரும் எண்களை நம்பாதீர்கள். சிங்கம் ஹைன்ரிஷ் சாக்சனிக் கணக்கில் மூன்றாமவர், பவேரியக் கணக்கில் பன்னிரண்டாமவர். இரண்டு பலகைகளைப் படித்துவிட்டு இரண்டு ஆட்கள் என்று நினைக்கத் தோன்றும். சிறப்புப் பெயர்தான் துணை.

நம் ஊர்ப் பக்கம் ஒரு சிறு குறிப்பு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் சாக்சனியைச் சேர்ந்தவர் என்று படித்திருப்பீர்கள். அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்கு அருகே உள்ளது. ஆகவே அது வெட்டின்களின் சாக்சனி, ஹைன்ரிஷின் சாக்சனி அல்ல.

வழித்திட்டத்தைப் பொறுத்தவரை, நேரே டிரெஸ்டனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பிரவுன்ஷ்வைக்கிலிருந்து பேரரசர் லோத்தார் அடக்கமான க்யோனிக்ஸ்லூட்டர் கிழக்கே கொஞ்ச தூரம்தான், அரைநாளில் பார்க்கலாம். பிறகு க்வெட்லின்பர்க், விட்டன்பெர்க், மைசன், டிரெஸ்டன். பட்டம் போன திசையிலேயே நீங்களும் போவீர்கள்.

கடைசிக் கேள்வி, இங்கிலாந்து. அங்கே போனது இரண்டு வீட்டாரும்தான். 1714இல் பிரிட்டிஷ் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ், சிங்கம் ஹைன்ரிஷின் நேர் வழியில் வந்த வெல்ஃப், பட்டத்தை இழந்து பட்டாவைக் காத்த வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டின் கடைசி வாரிசாக அரியணையில் இருந்தவர் விக்டோரியா. 1840இல் அவர் மணந்த ஆல்பர்ட், சாக்ஸ-கோபர்க்-கோத்தா என்ற வெட்டின் கிளையைச் சேர்ந்தவர். அவர்கள் மகன் ஏழாம் எட்வர்ட் ஆண்டபோது அரச குடும்பத்தின் பெயரிலேயே சாக்சனி இருந்தது. முதல் உலகப்போரின் நடுவே, 1917இல், அதை நீக்கிவிட்டு விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார்கள்.