தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் அடிப்படைகளை விடாமல் கடைப்பிடிப்பது எப்படி?

பல ஆண்டுகள் தொழிலில் இருந்த பிறகும் அடிப்படைகளில் சறுக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருமணப் புகைப்படங்கள் எடுப்பவன் என்பதால் அந்தத் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஆகிய மூன்றும் படத்தை எப்படி மாற்றும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பழகிய மண்டபம்தானே என்ற எண்ணத்தில் அன்றைய வெளிச்சத்தைப் பார்க்காமலேயே கேமராவைத் தூக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஆகவே அடிப்படைகளை, எந்த மண்டபமானாலும் எவ்வளவு அவசரமானாலும் ஒரே வரிசையில் செய்து முடிக்கும் வேலைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் பதில்.

என் வரிசையில் முதலில் வருவது வெளிச்சம். மணமேடையில் ஏறி, மணமக்களின் முகம் வரும் உயரத்தில் என் உள்ளங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, நிழல் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது, ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரிகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பின்னால் எல்இடி திரை, மேலே மஞ்சள் விளக்குகள், எதிரே வீடியோக்காரரின் விளக்கு, போதாக்குறைக்கு நம்முடைய ஃப்ளாஷ் என்று எல்லாம் ஒரே முகத்தில் விழும்போது ஒளியின் நிறத்துக்கேற்பக் கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பினால், அடுத்தடுத்த படங்களிலேயே பட்டுப்புடவையின் நிறம் மாறிவிடும். மஞ்சள் விளக்கு மிகுந்த மேடை என்றால் ஃப்ளாஷில் ஆரஞ்சு நிற ஜெல்லை (ஒளியின் நிறத்தை மாற்றும் வண்ணத் தாளை) மாட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அருகில் நிலையாக வைத்துவிடுகிறேன். பகல் வெளிச்சம் நன்றாக வரும் கோயில் மண்டபமானால் ஜெல்லைக் கழற்றிவிட்டு 5500 அளவுக்குப் போகிறேன். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பில்) பிறகு சரிசெய்துகொள்ளலாமே என்பார்கள். நிறம் முழுவதும் ஒரே அளவில் பிசகியிருந்தால் அது உண்மை. ஒரே முகத்தில் விழுந்த இரண்டு நிற ஒளியை ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரால் ஒருசேரத் திருத்த முடியாது.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு ஒளியை விடுவது என்பது. கேமராவின் மீட்டர் தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுகிறது. அதனால் வெள்ளை வேட்டி சட்டைகள் ஃபிரேமை நிறைத்தால் முகம் இருண்டுபோகும். கருங்கல் தூண்களின் முன்னால் நிறுத்தினால் முகம் வெளிறிப்போகும். முகத்தை வைத்துச் சோதனைப் படம் எடுத்து, ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) பார்த்து, அளவுகளைக் கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் நிறுத்திவிட்டால், மேடையின் வெளிச்சம் மாறாத வரையில் யார் எந்த உடையில் வந்து நின்றாலும் மணமக்களின் நிறம் மாறாது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநிற, கருநிற முகங்களை வேண்டுமென்றே வெளுக்கச் செய்து கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை, அது தொழிலின் முதல் பாடத்தையே கைவிடுவதாகும். பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளியைக் கொடுத்துப் பாருங்கள், கருநிற முகத்தில் வரும் செறிவையும் மினுமினுப்பையும் எந்த பிரீசெட்டாலும் (ஆயத்தமாகக் கிடைக்கும் திருத்த அமைப்பாலும்) கொண்டுவர முடியாது. வெளுப்பாகக் கேட்கும் குடும்பத்தாரிடமும் உள்ளபடியே எடுத்த படத்தை முதலில் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அதையே ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தாலி கட்டும் நேரத்தில்தான் இவை எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கி மூன்று முடிச்சு விழுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும், இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) திறந்து 2 மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. மட்டுமே, மணமகளின் கண் தெளிவாக வந்தால் தாலியைப் பிடித்த விரல்கள் மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது, பின்னணி மங்குவது குறைந்தாலும் பரவாயில்லை. அட்சதை பறக்கும்போது ஆட்டோஃபோகஸ் குறுக்கே வரும் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் ஒற்றைப் புள்ளியை முகத்தில் வைத்திருப்பது நல்லது. எல்இடி திரையின் மினுக்கமும் கவனத்துக்குரியது: எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறதா என்று முதல் நாள் வரவேற்பிலேயே பார்த்து, விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டும்.

மெமரி கார்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்துச் சரிபார்க்கும் வரை எதையும் ஃபார்மட் செய்ய வேண்டாம்.

வேலை இல்லாத நாள்களில் ஒரே ஒரு லென்ஸுடன் வெளியே போவது எனக்கு உதவுகிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே செய்தவர். ஒரே லென்ஸுடன் பழகும்போது, கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே எங்கே நிற்க வேண்டும் என்பது கால்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு திருமணத்துக்குப் பிறகும் கழித்துக்கட்டிய படங்களை மட்டும் உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. இவற்றில் எது அதிகம் என்று பார்த்து, அடுத்த திருமணத்தில் அந்த ஒன்றுக்கான சோதனையை வரிசையில் முதலில் வைத்துக்கொள்கிறேன்.