முதற்பலன் காணிக்கை: தாராவி சபையாரின் கேள்விகளுக்குப் பதில்

அறுப்பின் பண்டிகையை முன்னிட்டு, மும்பை தாராவியில் உள்ள தமிழ்ச் சபையின் வேதபாட வகுப்பில், விளைச்சலில் முதலில் வருவதைக் கர்த்தருக்குப் படைக்கும் முதற்பலன் காணிக்கையைப் பற்றி எழுதித் தரப்பட்ட கேள்விகளும், வகுப்பை நடத்தும் மூப்பர் அளித்த பதில்களும்.

கேள்வி: காலையில் இட்லி விற்றுப் பிழைக்கிறேன். வயலும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. எனக்கு எது முதற்பலன்?

சகோதரி, அறுப்பின் முதற்கதிர்க்கட்டைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டும் நாள்வரை, புது விளைச்சலில் அப்பமோ வறுத்த கதிரோ பச்சைக் கதிரோ புசிக்கலாகாது என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் கட்டு வந்து சேரும்போது மீதி வயல் அறுக்கப்படாமல் நிற்கிறது. வீடு வந்து சேரும் தானியம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே கொடுப்பதுதான் முதற்பலன். யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா இதை இன்னும் அருகில் காட்டுகிறது: தோட்டத்தில் முதலில் பழுத்த அத்திப்பழத்தைக் கண்டவன், அதில் ஒரு நாணற்கயிற்றைக் கட்டி, அதை முதற்பலன் என்று சொல்லி வைப்பான். முதல் ஈடு இட்லி விற்ற காசில் ஒரு பங்கை, மாவுக்கும் கேஸுக்கும் கணக்குப் பார்ப்பதற்கு முன் நீங்கள் சுருக்குப்பையில் தனியே முடிந்து வைத்தால், அதுவே உங்கள் நாணற்கயிறு. முதற்பலனுக்கு இவ்வளவு என்று வேதம் அளவு சொல்லவில்லை.

கேள்வி: தசமபாகமும் முதற்பலனும் ஒன்றா?

இல்லை. தசமபாகம் விளைந்ததை எண்ணிப் பத்தில் ஒன்றைத் தருவது. முதற்பலன் எண்ணாமல் முந்தித் தருவது. எண்ணாகமம் 18 இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறது.

கேள்வி: எனக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தை முழுவதும் கொடுக்காவிட்டால் சாபம், கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன்.

தம்பி, இதைக் கேட்டு மனம் வருந்துகிறேன். புதிய ஏற்பாட்டில் அப்படி ஒரு கட்டளை இல்லை. உபாகமம் 26இல், முதற்பலன் கூடையோடு வந்தவன் சொல்ல வேண்டிய அறிக்கையை வாசித்துப் பாருங்கள்: எகிப்தில் ஒடுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், கர்த்தர் மீட்டு இந்தத் தேசத்தைத் தந்தார், ஆகையால் இதைக் கொண்டுவந்தேன். இனி இன்னதைத் தாரும் என்ற வேண்டுதல் அதில் ஒன்றுகூட இல்லை. களஞ்சியம் நிரம்பும் என்று நீதிமொழிகள் 3:10 சொல்வது மெய்தான். ஆனால் அது கர்த்தரைக் கனம்பண்ணுகிறவனுக்குச் சொன்ன ஆறுதலே தவிர, போட்ட பணத்துக்கு வட்டி அல்ல. மனதார முழுச் சம்பளத்தையும் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். அறை வாடகைக்கும், ஊரில் உங்கள் கையை எதிர்பார்த்திருக்கும் தாய்தகப்பனுக்கும் ஒன்றும் மிஞ்சாதபடி, பயத்தினால் கொடுக்காதீர்கள். பெற்றோருக்குரியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவரே கண்டித்தார் (மாற்கு 7).

கேள்வி: பண்டிகையன்று காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிப்பது சரியா? சிலர் அதற்காகவே வருவதில்லை.

எருசலேமில், முதற்பலன் கொண்டுவரும்போது சொல்லும் அந்த அறிக்கையைத் தாமே சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னார்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. தெரியாதவர் என்று வெளிப்படும் வெட்கத்தால் பலர் முதற்பலனைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டதால், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்படுத்தினார்கள் என மிஷ்னா கூறுகிறது. தெரியாதவர் கூச்சமின்றி வருவதற்காக ஆராதனை முறையையே மாற்றியிருக்கிறார்கள். நாமும் தொகை வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. பண்டிகையில் படைத்த பொருள்களின் ஏலத்தில் பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவரை எல்லாரும் அறிவார்கள். அதைச் சுமந்து வந்து படைத்தவரை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: பவுல் ஏன் கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார்?

கதிர்க்கட்டு, எகிப்திலிருந்து மீட்கப்பட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகைக் காலத்தில், ஓய்வுநாளுக்கு மறுநாள் அசைவாட்டப்பட்டது. ஆண்டவரும் பஸ்காவில் மரித்து, ஓய்வுநாள் கழிந்த மறுநாள் உயிர்த்தெழுந்தார். "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" (1 கொரிந்தியர் 15:20) என்றால், முதற்கட்டு வந்துவிட்டது, அதே வயலின் மற்றக் கதிர்களும் வரும் என்று பொருள். கொடுத்தலில் தேவனே நம்மை முந்திக்கொண்டார். சென்ற மழைக்காலத்தில் நம் சபைப் பாட்டியம்மாவை அடக்கம் செய்தபோது இந்த வசனத்தைத்தான் வாசித்தோம். கடைசி நாள்வரை, உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளிக் காணிக்கை டப்பாவில் போட்டுவந்தவர் அவர்.