பழைய ரிலீஸ்களைத் தொடலாமா? – வாசகர் கேள்வி பதில்

டவுன்லோட் சர்வர், மிரர் (அதே கோப்புகளை நகலெடுத்து வழங்கும் துணைச் சர்வர்), சுருக்கிய கோப்புகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் தொழில்நுட்பக் குழுவின் பதில்களும்.

கேள்வி: எங்கள் திறமூல மென்பொருளின் பதினைந்து வருட ரிலீஸ்கள் ஒரே டைரக்டரியில் குவிந்து கிடக்கின்றன. பழையவை ஜிசிப், நடுவில் வந்தவை பிசிப்2, புதியவை எக்ஸ்இசட் என மூன்று சுருக்கும் வடிவங்கள். சிலது இரண்டு மூன்று வடிவத்திலும் உண்டு. எல்லாவற்றையும் எக்ஸ்இசட்டுக்கு மாற்றிவிட்டு மற்றதை அழித்தால் மிரர்காரர்களுக்கு இடம் மிச்சமாகும் அல்லவா?

மாற்றாதீர்கள். வெளியான கோப்பின் பெயரும் அதன் பைட்டுகளும் அன்றோடு உங்கள் கையை விட்டுப் போய்விட்டன. லினக்ஸ் விநியோகங்களின் பேக்கேஜ் செய்முறைகளில் உங்கள் கோப்பின் முகவரியும் அதன் ஷா-256 எண்ணும் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண், அதாவது ஒரு செக்சம்) அடுத்தடுத்த வரிகளில் எழுதப்பட்டிருக்கும். யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உங்களால் எண்ணிச் சொல்ல முடியாது.

'உள்ளே இருப்பது அதே டார்தானே' (டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) என்று தோன்றும். செக்சமுக்கு அது தெரியாது. ஜிசிப் கோப்பின் முதல் 10 பைட்டுகள் அதன் தலைப்பு. அதில் 4 பைட் மூலக்கோப்பின் நேரத்துக்கு. அதற்குப் பின்னால் மூலக்கோப்பின் பெயரும் வரும். அதே டாரை இன்னொரு நாள் எடுத்து, அதன் தேதி மாறியிருக்க, மறுபடி ஜிசிப் செய்தால் அந்த நான்கு பைட்டுகள் வேறாகும், ஷா-256 முழுவதும் வேறாகும். ('-என்' ஆப்ஷன் போட்டால் நேரமும் பெயரும் பதிவாகாது. ஆனால் அன்றைக்கு அதைப் போட்டவர்கள் குறைவு.) 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தளம், சோர்ஸ் கோப்புகளை அவ்வப்போது சுருக்கித் தரும் வேலையில், வெளியே இருந்த ஜிசிப் செயலியை விட்டு கிட் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் முறைக்கு மாறியது. உள்ளடக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் செக்சம் பொருந்தாமல் எத்தனையோ பில்டுகள் நின்றுபோய், மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

வெளியிட்டவர் யார் என்று உறுதி செய்யும் டிஜிட்டல் கையெழுத்துக் கோப்பும் அப்படித்தான். பெரும்பாலானோர் சுருக்கிய கோப்பின் மேல் கையெழுத்திடுகிறார்கள். சுருக்கும் முறை மாறினால் அந்தக் கையெழுத்து செல்லாது. லினக்ஸ் கெர்னல் தளம் இதில் வேறு வழி எடுத்தது: அங்கே கையெழுத்து சுருக்காத டாரின் மேல். விரித்துத்தான் சரிபார்க்க வேண்டும், ஆனால் ஒரே கையெழுத்து எல்லா வடிவத்துக்கும் பொருந்தும். அதனால்தான் 2013 கடைசியில் பிசிப்2 வடிவத்தைக் கைவிடுவதாக அறிவித்து, ஜிசிப்பும் எக்ஸ்இசட்டும் மட்டும் போதும் என்று அவர்களால் அலட்டிக்கொள்ளாமல் முடிவெடுக்க முடிந்தது.

உங்களுக்கான வழி: ஒரே ரிலீஸ் இரண்டு மூன்று வடிவத்தில் இருந்தால் பிசிப்2 இரட்டையை மட்டும் மிரர்களிலிருந்து எடுத்து, ஆவணச் சர்வரில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். ஒரே வடிவத்தில் மட்டும் இருப்பது எந்த வடிவமானாலும் அப்படியே இருக்கட்டும். அதற்கும் முன்னால் 'டியு' கட்டளையால் டைரக்டரி வாரியாக அளந்து பாருங்கள். பதினைந்து வருட சோர்ஸ் டார்பால்கள் (சுருக்கிய டார்கள்) பெரும்பாலும் சின்னவை; இடத்தை விழுங்குவது தினசரி பில்டுகள், டீபக் கோப்புகள், டிஸ்க் இமேஜ்கள். வெட்ட வேண்டியது அங்கே.

கேள்வி: பழைய ரிலீஸ்களை 'ஆர்கைவ்' டைரக்டரிக்கு நகர்த்தினோம். மறுநாளே மிரர்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்: எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து இறக்குகிறதாம். நாங்கள் நகர்த்தியது ஒரே டிஸ்குக்குள்தானே?

உங்கள் டிஸ்கில் அது நகர்த்தல். மிரர்கள் ஒத்திசைக்கப் பயன்படுத்தும் ஆர்சிங்க் கருவியின் கண்ணுக்கு ஒரு கோப்பு காணோம், இன்னொரு கோப்பு புதிது. 'ஃபஸி' ஆப்ஷன் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். அது கோப்பு போய்ச் சேரும் அதே டைரக்டரிக்குள்தான் ஒத்த பெயரைத் தேடும், பக்கத்து டைரக்டரியை எட்டிப் பார்க்காது.

நகர்த்தாமல் முதலில் ஹார்ட்லிங்க் (டிஸ்கில் இருக்கும் அதே கோப்புக்கு இரண்டாவது முகவரி) போடுங்கள். பழைய இடத்தில் கோப்பு இருக்க, 'ஆர்கைவ்' டைரக்டரியில் அதே பெயரில் இன்னொரு லிங்க். இப்போது மிரர் பக்கம் ஆர்சிங்க் '-எச்' ஆப்ஷனோடு ஓடினால், இரண்டும் ஒரே கோப்பு என்று கண்டுகொண்டு, ஏற்கெனவே கையில் இருப்பதற்கு ஒரு லிங்க் மட்டும் போட்டுக்கொள்ளும். ஒரு பைட்கூட இறங்காது. எல்லா மிரர்களும் ஒரு சுற்று வந்து முடித்த பிறகு பழைய இடத்து லிங்கை நீக்குங்கள். இடைவெளி இரண்டு வாரம் விடலாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஒத்திசைக்கும் சோம்பேறி மிரர் எங்கேயாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இதில் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, '-ஏ' போட்டால் எல்லாம் அடக்கம் என்ற நினைப்பு: ஹார்ட்லிங்க் அதில் அடக்கம் இல்லை, பெரிய எழுத்து '-எச்' தனியாக வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் அது அளவுகளைப் படிக்க வசதியாகக் காட்டும் வேறு ஆப்ஷன். இரண்டாவது, பழைய இடமும் புதிய இடமும் ஒரே ஆர்சிங்க் ஓட்டத்துக்குள் வர வேண்டும். 'ஆர்கைவ்' தனி மாட்யூலில் (ஆர்சிங்க் சர்வர் தனியாகத் திறந்துவிடும் பகுதி) இருந்தால் லிங்க் தெரியாது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. ஆர்சிங்க் 3 முதல் டைரக்டரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டே வேலையைத் தொடங்கிவிடும். அகரவரிசையில் 'ஆர்கைவ்' முன்னால் வருவதால், அதன் ஜோடி 'ரிலீஸஸ்' டைரக்டரியில் இருப்பது தெரியும் முன்பே கோப்பை இறக்கிவிடலாம். அந்த ஒரு ஓட்டத்துக்கு 'நோ-இன்க்-ரிகர்சிவ்' ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லி மிரர்காரர்களுக்கு முன்கூட்டியே மடல் அனுப்புங்கள். பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும், தொடங்கத் தாமதமாகும், பரவாயில்லை.

இன்னொன்று: மிரர்களில் உங்களால் ரீடைரக்ட் போட முடியாது. ஆகவே பழைய பதிப்புகளுக்கான இணைப்பை உங்கள் பக்கங்களில் நேரடியாக ஆவணச் சர்வருக்கே கொடுங்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் ஏற்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி: டவுன்லோட் தளத்தில் நடப்பு ரிலீஸ்கள் மட்டும், வெளியான எல்லாமும் தனி ஆவணத் தளத்தில். பெர்ல் மொழியின் சிபேன் களஞ்சியத்திலும் ஆசிரியர் நீக்கிய பழைய பதிப்பு பேக்பேன் என்ற ஆவணத்தில் கிடைக்கும்.

கேள்வி: '.இசட்' என்று முடியும் கோப்பை எப்படித் திறப்பது?

'ஜிசிப் -டி' திறந்துவிடும். அது பழைய 'கம்ப்ரஸ்' கட்டளையின் வடிவம். அதில் இருந்த எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறையின் காப்புரிமைத் தகராறால் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003-இல் முடிந்தது.

கேள்வி: எங்கள் தளத்திலிருந்து டார்-ஜிசிப் கோப்பை பிரவுசரில் இறக்குபவர்களுக்கு மட்டும் செக்சம் பொருந்துவதில்லை. கர்ல் கட்டளையில் இறக்கினால் சரியாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை, பிரவுசர் அதை விரித்துவிட்டது. இறங்கிய கோப்பின் அளவைப் பாருங்கள், சர்வரில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். 'ஃபைல்' கட்டளை அதை டார் என்று சொல்லும், ஜிசிப் என்று சொல்லாது. பெயரின் வால் மட்டும் பழையபடி இருக்கும்.

காரணம் சர்வர் அமைப்பில் 'ஆட்-என்கோடிங் எக்ஸ்-ஜிசிப்' என்ற வரி. அப்பாச்சி சர்வரின் பழைய அமைப்புக் கோப்புகளில் இது அடிக்கடி கண்ணில் படும். 'இது ஒரு டார், வழியில் சுருக்கி அனுப்புகிறேன், நீ விரித்துக்கொள்' என்று அந்த வரி பிரவுசரிடம் சொல்கிறது. பிரவுசர் சொன்னபடி செய்கிறது. கர்ல், கேட்டால் ஒழிய விரிக்காது. அந்த வரியை நீக்கிவிட்டு, ஜிசிப் கோப்பு வகையை 'ஆட்-டைப்' மூலம் 'அப்ளிகேஷன்/ஜிசிப்' என்று அறிவியுங்கள். பிறகு 'கர்ல் -ஐ' (பெரிய எழுத்து) போட்டு, வரும் ஹெடரில் 'கன்டென்ட்-என்கோடிங்' வரி காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே இறக்கியவர்கள் அதை மறுபடி ஜிசிப் செய்து ஒப்பிட்டால் பொருந்தாது. மேலே சொன்ன தலைப்பு பைட்டுகள்தான் காரணம். திரும்ப இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மிரர் நடத்துகிறேன். ஒருநாள் மூலச் சர்வரில் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் டைரக்டரி காலியாக இருந்தது. ஆர்சிங்க் என் பக்கம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பிழை வந்தால் அழிக்காது என்று படித்திருக்கிறேனே?

மூலப் பக்கம் படிப்பதில் பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் காலி டைரக்டரி பிழை இல்லை. அது ஒழுங்காகப் படிக்கப்பட்ட வெறும் டைரக்டரி. அழிப்புக்கு எல்லை வைக்கும் 'மேக்ஸ்-டெலீட்' போடுங்கள். எல்லை தாண்டினால் மேற்கொண்டு அழிக்காமல், வெளியேறும் எண் 25 தரும். உங்கள் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்து மடல் அனுப்பட்டும். எல்லைக்குப் பொது எண் கிடையாது. ஒரு மாதப் பதிவுகளில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் எத்தனை அழிந்தது என்று பார்த்து அதற்கு இரண்டு மூன்று மடங்கு வையுங்கள்.

அதோடு, ஓட்டத்துக்கு முன் மூலத்திலிருந்து நேரமுத்திரைக் கோப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். டெபியனில் 'ப்ராஜெக்ட்/டிரேஸ்' டைரக்டரி இதற்கு உதவும். அது இல்லையென்றால் அன்றைக்கு ஒத்திசைவே வேண்டாம். பேக்கேஜ் களஞ்சியமானால் இரண்டு சுற்றாக ஓட்டுங்கள்: முதல் சுற்றில் பேக்கேஜ்கள் மட்டும், அழிக்காமல், இரண்டாவதில் இண்டெக்ஸ் கோப்புகளும் (பேக்கேஜ் பட்டியல்கள்), கடைசியில் அழிப்பும். மாற்றிச் செய்தால் இண்டெக்ஸ் சொல்லும் பேக்கேஜ் இன்னும் வராத அந்த இடைவெளியில் பயனர்களுக்கு 404 ('கோப்பு இல்லை') கிடைக்கும்.

கேள்வி: பழைய டெபியன் பதிப்பில் பேக்கேஜ் நிறுவும் கருவியான 'ஆப்ட்' அப்டேட் 404 தருகிறது. ஆவணத் தளத்துக்கு மாற்றினால் 'ரிலீஸ் கோப்பு காலாவதி' என்கிறது.

ஆர்கைவ்.டெபியன்.ஆர்க் சரியான இடம்தான். களஞ்சியத்தின் இண்டெக்ஸ்களைப் பட்டியலிடும் ரிலீஸ் கோப்பில் 'வேலிட்-அன்டில்' என்ற தேதி இருக்கும். பழைய கோப்பைக் காட்டி ஏமாற்றும் மிரரைப் பிடிக்க வைத்த பூட்டு அது. ஆவணத்தில் யாரும் அதைப் புதுப்பிப்பதில்லை. 'அக்வயர்::செக்-வேலிட்-அன்டில்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அந்த இயந்திரத்துக்கு மட்டும், பொதுவான அமைப்பில் பரப்பாதீர்கள். கையெழுத்துச் சோதனையை அணைக்க வேண்டாம், அது வேறு பூட்டு. உபுண்டுவுக்கு 'ஓல்ட்-ரிலீசஸ்', சென்ட்ஓஎஸ்சுக்கு 'வால்ட்' தளம். 2024 ஜூன் 30-இல் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7-உம் அங்கேதான். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது என்பதால் இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வரை இப்படி ஓட்டாதீர்கள்.

கேள்வி: 1990களில் வெளியான கோப்புகளின் கையெழுத்தை இப்போதைய குனு பிஜி கருவி ஏற்கவில்லை. சிலவற்றுக்கு எம்டி5 என்ற பழைய வகைச் செக்சம் மட்டும்தான். பழைய கையெழுத்துகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

புதிதாகச் சேருங்கள், பழையதை எடுக்காதீர்கள். 2014-இல் வந்த குனு பிஜி 2.1 பழைய பிஜிபி-2 வகைச் சாவிகளுக்கான ஆதரவை விட்டுவிட்டது. 1.4 வரிசையைத் தனியாக நிறுவி அதில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சாவி காலாவதி என்று மட்டும் வந்தால் பதற வேண்டாம். காலாவதிக்கு முன் போட்ட நல்ல கையெழுத்து நல்லதுதான். எம்டி5-இல் 2004-இலேயே மோதல் (இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண்) காட்டிவிட்டார்கள், ஆனால் அது ஒரே ஆள் இரண்டு கோப்புகளைத் திட்டமிட்டுச் செய்வது. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் எம்டி5-க்குப் பொருந்தும் வேறு கோப்பைச் செய்வது இன்றும் நடைமுறையில் இல்லை. ஆகவே அன்றைய அறிவிப்பு மடலில் இருக்கும் எம்டி5 இன்னும் சாட்சிதான், சர்வருக்கு வெளியே இருப்பதால் நல்ல சாட்சியும்கூட.

சரிபார்த்த பிறகு டைரக்டரி முழுமைக்கும் ஒரு ஷா-256 பட்டியல் எடுத்து, அதன் மேல் இன்றைய சாவியால் கையெழுத்திடுங்கள். பழைய பொதுச் சாவிகளையும் அதே டைரக்டரியில் வையுங்கள். பட்டியலின் ஒரு பிரதி வேறு ஆள் நிர்வகிக்கும் வேறு இயந்திரத்தில் இருக்கட்டும். குனுவின் எஃப்டிபி சர்வரில் 2003 மார்ச்சில் நுழைந்த ஊடுருவல் ஆகஸ்டில்தான் வெளியே அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் அங்கே இருந்த ஒவ்வொரு கோப்பையும் வெளியிலிருந்து வந்த செக்சமோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரு மணி நேரம் முன்பு வெளியிட்ட டார்பாலில் ஒரு கோப்பு விட்டுப்போனது. சத்தமில்லாமல் அதே பெயரில் மாற்றிவிடலாமா?

கூடாது. ஒரு மணி நேரத்தில் பாதி மிரர்கள் எடுத்திருக்கும். இனி ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் உலவும், செக்சம் பொருந்தாதவர் அதைத் தாக்குதல் என்றே நினைப்பார், நினைப்பதும் சரி. கடைசி எண்ணை ஒன்று கூட்டி வெளியிடுங்கள். தீங்கு நுழைந்த ரிலீஸ் மட்டும் வேறு: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 டார்பால்களில் பின்வாசல் தெரியவந்தபோது போல, அதை எல்லா இடத்திலிருந்தும் இறக்கி, அந்த இடத்தில் காரணம் சொல்லும் சிறு உரைக்கோப்பை வைக்க வேண்டும். அந்தப் பதிப்பு எண்ணை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: இனி வரும் ரிலீஸ்களுக்கு எந்த வடிவம்?

ஜிசிப் ஒன்று, எக்ஸ்இசட் ஒன்று. எக்ஸ்இசட்டில் இயல்பான 6-ஆம் நிலையே போதும்: விரிக்க 9 மெபைட் நினைவகம் கேட்கும். 9-ஆம் நிலையில் அது 65, சுருக்க 674. எட்டு மெபைட்டுக்குக் குறைவான டாருக்கு 9 போட்டு எந்த லாபமும் இல்லை, அகராதி அளவு (சுருக்கும்போது திரும்பிப் பார்க்க வைத்திருக்கும் நினைவகம்) மட்டும்தான் கூடுகிறது. இசட்-ஸ்டாண்டர்ட் என்ற வடிவம் வேகமாக விரியும், ஆனால் குனு டார் 1.31-க்கு (2019) முந்தைய இயந்திரங்கள் அதை நேரடியாக அறியாது. டார் எடுக்கும்போது பெயர் வரிசை, நேரம், உரிமையாளர் எண் மூன்றையும் நிலையாகக் கொடுத்து, எக்ஸ்இசட்டின் பதிப்பையும் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) அமைப்பையும் ரிலீஸ் குறிப்பில் எழுதி வையுங்கள். ஒரே த்ரெட் முறையும் பல த்ரெட் முறையும் ஒரே பைட்டுகளைத் தருவதில்லை.