பச்சையைத் தேடி அலைய வேண்டாம்: மாட்டுத் தீவனம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறோம். ஒன்று 6 லிட்டர் கறக்கிறது, இன்னொன்று சினை, பால் வற்றிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருகிறது, வைக்கோல் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மண்ணில்லாமல் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் தட்டில் மக்காச்சோளம் முளைக்க வைத்தால் தீவனச் செலவு பாதியாகும் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?
– வாசகி, மூலனூர்

பதில்: இறங்க வேண்டாம். ஒரு கிலோ மக்காச்சோளம் 7 கிலோ பச்சையாக வளர்வது உண்மைதான், ஆனால் அதில் 6 கிலோ தண்ணீர். மிச்சமிருக்கும் சத்து நீங்கள் போட்ட விதையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், முளைக்கிற விதை தன்னையே தின்றுதானே வளர்கிறது! அந்தச் சோளத்தை அரைத்து அடர்தீவனத்தில் (தவிடு, புண்ணாக்குக் கலவை) கலந்தால் தட்டும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவும் ஏறக்குறைய இதே கதைதான், ஒரு கிலோ போட்டால் நல்லது, வயிறு நிறையாது.

வறட்சியில் பார்க்க வேண்டியது உலர் எடை, அதாவது தீவனத்தில் தண்ணீரைக் கழித்த எடை. 350 கிலோ எடையுள்ள கறவைக்கு நாளைக்கு 9 கிலோவரை தேவை. அதில் பெரும்பங்கு வைக்கோல், சோளத்தட்டு, கடலைக்கொடி என்று காய்ந்ததிலிருந்துதான் வரப்போகிறது, அதனால் பச்சைக்குச் செலவழிக்கிற காசையும் தண்ணீரையும் அந்த வைக்கோலைச் சத்தாக்குவதற்குச் செலவழியுங்கள்.

வழி பழையதுதான், யூரியா ஊட்டம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகப் பரப்பி, கரைசலைத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் விட வேண்டும். திறந்ததும் நெடி மூக்கைத் துளைக்கும், வேண்டிய அளவை எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் போடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்குங்கள், எடுத்தவுடன் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் இரண்டு மாட்டுக்கும் இப்படி மூடிய 100 கிலோ போர் ஒன்று பத்து நாள்தான் தாங்கும் என்பதால் பத்து நாளுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வர வேண்டும், இதில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியா மூட்டையும் கரைசல் வாளியும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், நக்கினாலோ குடித்தாலோ உயிருக்கே ஆபத்து.

பச்சை அறவே இல்லாவிட்டால் வைட்டமின் ஏ குறையும், சினை மாட்டுக்கு அது முக்கியம். அதற்கு மரத்தழை போதும். கிளைரிசிடியா, அகத்தி, வேம்பு, எது கிடைக்கிறதோ அது, நாளைக்கு 4, 5 கிலோ. சவுண்டல் (சூபாபுல்) கொடுப்பதானால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உங்கள் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) உண்டே, வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடர்தீவனம் நாளைக்குக் கறப்பதற்கு 4 கிலோ, வற்றியதற்கு ஒன்றரை கிலோ, சினையின் கடைசி இரண்டு மாதம் மட்டும் ஒரு கிலோ கூடுதல். தாது உப்பு 50 கிராம், இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சோளத்தட்டை நறுக்கிப் போட்டாலே மாடு தின்னாமல் ஒதுக்குவது பெருமளவு குறையும். இவ்வளவு செய்தும் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் ஒன்றை இப்போதே விற்றுவிடுங்கள், விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு வியாபாரி சொல்வதுதான் விலை.

கேள்வி: அறுத்த சோளக்கட்டையில் கோடை மழைக்குத் துளிர் வந்திருக்கிறது. மேய விடலாமா?
– வாசகர், அரவக்குறிச்சி

பதில்: கூடவே கூடாது. வறட்சியில் காய்ந்து கிடந்து துளிர்க்கிற சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், கொஞ்ச நேரத்திலேயே மாட்டைச் சாய்த்துவிடும். பூவெடுத்த பிறகு அறுத்து, உலர்த்திப் போடுங்கள். தவறி மேய்ந்துவிட்டு மூச்சுத் திணறினால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடியுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்தில் போட்டால் பிழைக்கும்.

கேள்வி: ரேஷன் அரிசிக் கஞ்சி வயிறு நிறையக் கொடுக்கலாமா?
– வாசகி, பரமக்குடி

பதில்: அரை கிலோ அரிசிக்கு மேல் வேண்டாம், அதையும் வைக்கோல் தின்ற பிறகு கொடுங்கள். பழக்கமில்லாத மாடு வாளிக் கணக்கில் சோறு தின்றால் வயிறு புளித்து, அசை நின்று, படுத்துவிடும். அப்படிப் படுத்தால் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்துவிட்டு உடனே டாக்டரை வரச் சொல்லுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.