மாடு சாந்தமாக டிரிப்டோபான் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் நாலு கறவை மாடு வைத்திருக்கிறோம். பொய்கை சந்தைக்குப் போனபோது ஒருவர் ஒரு பவுடரைக் காட்டி, "இதில் டிரிப்டோபான், செரோட்டோனின், மெலட்டோனின் எல்லாம் இயற்கையாகவே இருக்கு, மாடு மிரளாது, பால் கூடும்" என்றார். கிலோ 480 ரூபாய். வாங்கலாமா? வீட்டில் இருபது கோழிகளும் இருக்கின்றன.

பதில்: மாட்டுக்கு வேண்டாம்.

அவர் சொன்ன பெயர்கள் பொய்யில்லை. டிரிப்டோபான் என்பது புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம், உடம்பு அதிலிருந்துதான் மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனினையும், ராத்திரியில் சுரக்கும் மெலட்டோனினையும் செய்துகொள்கிறது, ஆனால் பெரும்பகுதி கைனுரெனின் என்ற வேறு வழியில் போய்விடும். டிரிப்டோபான் நீங்கள் போடும் கடலைப் புண்ணாக்கிலேயே இருக்கிறது! தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை உடைத்துத் தின்றுவிடும். செரோட்டோனினையே நேராகக் கொடுத்தாலும், ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது, அப்புறம் சாந்தம் எங்கிருந்து வரும்? மெலட்டோனினை மாடு இருட்டினால் தானே சுரந்துகொள்ளும், ராத்திரி தொழுவத்தில் லைட்டை அணைத்தால் போதும், செலவே இல்லை.

அந்த நுண்ணுயிர்கள் டிரிப்டோபானிலிருந்து 3-மெத்தில் இண்டோல் என்ற ஒன்றையும் உண்டாக்கும், அது அதிகமானால் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு ஸ்பூன் பவுடரால் அப்படி ஆகாது. ஆனால் காய்ந்த வைக்கோலையே தின்றுகொண்டிருந்த மாட்டை, மழை பெய்து தளதளவென்று முளைத்த புல்லில் ஒரே நாளில் அவிழ்த்து விட்டால் சில நாளில் மூச்சிரைப்பு வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், இரைப்பு வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

விற்பவர் விடாமல் பேசினால், "இது பைபாஸ் செய்ததா (முதல் வயிற்றில் உடையாமல் தாண்டிப் போகும்படி செய்ததா), எத்தனை சதவீதம், மூட்டையில் அச்சிட்டிருக்கிறதா, பில் தருவீர்களா?" என்று கேளுங்கள். 'இயற்கை' என்று மட்டும் அச்சிட்டு அளவைப் போடாத மூட்டையை நான் தொடமாட்டேன். வாங்கி ஏமாந்திருந்தால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

கோழி விஷயம் வேறு, அதற்கு முதல் வயிற்றுச் சிக்கல் கிடையாது. மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் 0.07 சதவீதம் அளவுதான், சோயாப் புண்ணாக்கில் 0.6 வரை உண்டு. மக்காச்சோளத்தை மட்டுமே போட்டு வளர்க்கிறீர்கள் என்றால் கொஞ்சம் சோயாப் புண்ணாக்கு கலந்து போடுங்கள், அந்த 480 ரூபாயில் பாதிகூட ஆகாது.