காது அக்குபஞ்சரும் ஃபைப்ரோமயால்ஜியாவும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

உடம்பு முழுக்க நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு, வலி சிகிச்சைப் பிரிவில் காது அக்குபஞ்சர் செய்துவருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வலி உடம்பு முழுக்க. காதில் ஊசி குத்தினால் எப்படிக் குறையும்?

நியாயமான சந்தேகம். 1950களில் பிரான்சின் லியோன் நகரில் போல் நோஜியே என்ற மருத்துவர், சயாட்டிகா (இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் நரம்பு வலி) என்ற வலிக்காகக் காதில் சூடு வைத்துக்கொண்டு குணம் கண்டதாகச் சொன்ன நோயாளிகளைக் கவனித்தார். தலைகீழாகச் சுருண்ட சிசுவைப் போல உடம்பின் உறுப்புகள் காதில் அமைந்திருப்பதாக ஒரு வரைபடம் போட்டார். புள்ளி தேட அந்தப் படம் எனக்கு உதவுகிறது, ஆனால் அது நிரூபிக்கப்பட்ட உடற்கூறு இல்லை.

நான் நம்பி நிற்பது நரம்பை. காதுக் குழிவில் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுகிறது. உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு அது. ஃபைப்ரோமயால்ஜியாவில் தசை சிதைவதில்லை. மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அதனால் நரம்பு மண்டலத்தைத் தணிக்கும் வழி எதுவானாலும் முயன்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: ஆராய்ச்சி என்ன சொல்கிறது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை, மொத்தம் 395 பேரை, அலசியது. அது பொதுவான அக்குபஞ்சர் பற்றியது, காதுக்கு மட்டுமானது இல்லை. எதுவும் செய்யாமல் இருப்பதைவிட வலியும் விறைப்பும் குறைந்தன. சிகிச்சை போலத் தோன்றும் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மின்சாரம் செலுத்திய ஊசிக்கு மட்டும் பலன் சற்றுக் கூடுதல். ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் வழிகாட்டுதலும் அக்குபஞ்சரை அரைமனதாகத்தான் ஆதரிக்கிறது. முழு ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான். ஆகவே இது நோயைத் தீர்க்கும் என்று யாராவது உறுதி தந்தால், அங்கே பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எப்படிச் செய்வீர்கள்? ரொம்ப வலிக்குமா?

முதலில் மழுங்கிய முனையுள்ள சிறு கம்பியால் காதை மெல்ல அழுத்திக்கொண்டே போவேன். ஏதோ ஓரிடத்தில் உங்கள் புருவம் சுருங்கும், தோள் விலகும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். தோலைத் துடைத்துவிட்டு ஊசி. சுருக்கென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது சிவந்து சூடாகும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நெம்ட்சோ 2001இல் வகுத்த முறையில், ஆணி போன்ற குட்டி ஊசிகளை 5 புள்ளிகளில் பதித்துவிடுவார்கள். சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லி அகற்றச் சொல்லுங்கள்.

தொட்டாலே வலிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் ஊசியே எடுப்பதில்லை. பிளாஸ்டரில் ஒட்டிய சிறு விதை போதும். அதை அவ்வப்போது விரலால் அழுத்திவிடலாம்.

கேள்வி: அம்மா பிரீகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை சாப்பிடுகிறார். ஊசி ஆரம்பித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

கூடாது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், வியர்க்கும். இந்த வலிக்குத் தரும் இன்னொரு மாத்திரையான டுலாக்சடினுக்கும் இதே எச்சரிக்கைதான். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாக.

கேள்வி: யாருக்கு ஆகாது?

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சார ஊசி வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். காதின் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. அங்கே கிருமி புகுந்தால் எளிதில் ஆறாது, காதின் வடிவமே கோணிப்போகலாம். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உறை பிரிக்காத புது ஊசிதானா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: போட்ட பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி வலி. எனக்குப் பலிக்கவில்லையா?

பலித்திருக்கிறது. நான் எதிர்பார்ப்பதே அந்த இரண்டு நாளைத்தான். அதில் தேங்கிய வேலையை எல்லாம் முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தவர்கள் மூன்றாம் நாள் படுக்கையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பதிலாக, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடும் அளவுக்குச் சின்ன நடை நடங்கள். வலி திரும்பிய பிறகும் அதே தூரத்தை விடாதீர்கள். அடுத்த ஊசிக்கு வரும்போது வலி எவ்வளவு என்பதோடு, எவ்வளவு நடந்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்பதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். சில வாரங்கள் கழித்தும் அந்தக் குறிப்பில் மாற்றமே இல்லை என்றால், ஊசியை நிறுத்தச் சொல்லி நானே சொல்வேன்.